சாராய வண்டியும் சுண்ணாம்புச் சுவரும்

என் மனைவிக்குப் பணிமனையில் சுண்ணாம்பு என்று பெயர். அந்தப் பெயர் வருவதற்கு முன்பிருந்தே அவள் அங்கே மெக்கானிக். நான் அதே பணிமனையில் பஸ் ஓட்டுகிறேன். வண்டியைக் கெடுத்துக்கொண்டு வருகிறவன் நான், சரிசெய்கிறவள் அவள். வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

காலையில் எல்லா வண்டிகளையும் ஒன்றாகக் கிளப்பும்போது தகரக் கூரைக்குக் கீழே டீசல் புகை அப்பிக்கொள்ளும். டிரைவர்கள் வெளியே போய்விடுவோம். அவள் உள்ளேயே நிற்பாள். இருமல் வந்தது, போகவில்லை. இந்த வேலையை விட்டுவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையை ஆட்டினேன். அவள் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு அவரிடம் சொன்னாள்:

"நான் எதுக்குப் போகணும்? புகை போகட்டும்."

வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் டீசலில் பத்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்து ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று மேனேஜர் அறிவித்தார். எத்தனால் என்றால் எரிசாராயம்தான். கலந்தால் புகையில் கரி குறையும் என்றார்கள். எந்த டிரைவரும் முன்வரவில்லை. இவள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வண்டியைக் கொடுத்துவிட்டாள். அதோடு நிற்காமல், என் வண்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால், கரியேறிக் கிடந்த சுவரில் ஒரு கதவகலத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புகை குறைந்ததா இல்லையா என்று சுவரே சொல்லட்டும் என்றாள். பெயர் வந்தது அப்போதுதான்.

எனக்கும் ஒன்று கிடைத்தது: சாராய வண்டிக்காரன். போலீஸ் நிறுத்தினால் ஊதிக் காட்ட வேண்டியது டிரைவரா, வண்டியா என்று கேட்காத பயணியே இல்லை. அவளோ ரப்பர் குழாய்களை மாற்றினாள். டீசலும் எரிசாராயமும் பிரியாமல் இருக்க ஊற்றும் மருந்தை அளந்து ஊற்றினாள். பக்கத்தில் ஒருவரையும் நெருப்புப் பற்றவைக்க விடவில்லை. ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறைவு, மற்றபடி வண்டி நன்றாகவே ஓடியது.

கலவையை ஒரு டிரம்மில்தான் கலந்து வைப்பாள். முதல் டிரம் தீர்ந்து, அதிலேயே அடுத்ததைக் கலந்து ஊற்றிய பிறகு, மேட்டுச் சாலையின் நடுவில் வண்டி நின்றது. கூட்டம் மொத்தமும் இறங்கி என்னைத் திட்டிக்கொண்டே நடந்தது. மறுநாளும் அதே இடத்தில், அதே திட்டு. என் மானம் கப்பலேறியது. இது நமக்குச் சரிப்பட்டு வராது, எரிசாராயத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் மேனேஜர்.

அவள் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்து ஜன்னலில் வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் பாட்டிலின் அடியில் தனியாக ஓர் அடுக்கு நின்றது. அதைப் பார்த்ததும் அது தண்ணீரின் வேலை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காலியான டிரம்மைத் தண்ணீர் விட்டு அலசி வைத்தவள் அவளேதான். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். வெறும் டீசல் என்றால் மிச்சத் தண்ணீர் அடியில் தங்கும், வடிகட்டியைத் திறந்துவிட்டால் போய்விடும். எரிசாராயம் அப்படி இல்லை. தண்ணீரைக் கண்டால் டீசலை விட்டுவிட்டு அதோடு ஒட்டிக்கொண்டு அடிக்குப் போய்விடும். அதைக் குடித்த எஞ்சின் எப்படி மேடு ஏறும்?

யாருக்கும் தெரியாது, சொன்னால் உன் தலையில்தான் விடியும், பேசாமல் இரு என்றேன்.

"பேசாம இருந்தா பழி எரிசாராயத்து மேல விழும். அது போயிடும். அப்புறம் நான்தான் போகணும்" என்றாள்.

மறுநாள் எல்லாரும் நிற்கும்போதே மேனேஜரிடம் போனாள்.

"தப்பு கலவையில இல்ல சார், என் கையில. டிரம்மைத் தண்ணி விட்டுக் கழுவினது நான்தான். நல்லா காஞ்ச டிரம்ல கலந்து தரேன். ஒரு தடவை மேடு ஏறட்டும். நின்னுட்டா என்னையும் சேத்து நிறுத்திடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு தடவைதான் என்று சொல்லி மேனேஜர் சம்மதித்தார்.

டேங்கைக் காலி செய்து துடைத்து, புதுக் கலவை ஊற்றினாள். கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். மேட்டுச் சாலையில் வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கியரை இறக்கினேன். எஞ்சின் முனகியது, திணறியது, ஆனால் நிற்கவில்லை. உச்சிக்கு வந்ததும், வண்டி இன்றைக்குத் தெளிவாக இருக்கிறது போல என்றார் ஒரு பெரியவர். பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

சில வாரங்கள் கழித்து மேனேஜர் சுவரைப் பார்க்க வந்தார். பக்கத்து வண்டிக்குப் பின்னால் அட்டைக் கறுப்பு. எங்கள் சுண்ணாம்பு சாம்பல் நிறத்தில் இருந்தது.

"வெள்ளைனு சொல்ல முடியலியேம்மா."

"கறுப்புனும் சொல்ல முடியாதே சார்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் வாளியோடு பக்கத்து வண்டியின் பின்னால் போய்விட்டாள். இருமிக்கொண்டேதான் அடித்தாள், கை நிற்கவில்லை. அந்த வண்டியின் டிரைவர் ஓடிவந்து, தன் வண்டிக்கும் எரிசாராயமா, தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றார்.

"என்னையும்தான் யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு சுண்ணாம்பு அடிக்கும் இன்னொரு மட்டையை எடுத்துக்கொண்டேன்.