பிரான்ஸும் செங்கல்பட்டும்

பதின்மூன்றாம் வாய்ப்பாடு எனக்கு ஏறவில்லை. இந்தியக் கால்பந்து அணியின் சரித்திரம் மட்டும் தலைகீழாய் வரும். ஐம்பத்தாறு மெல்போர்ன், நாலாவது இடம். அறுபத்திரண்டு ஜகார்த்தா, தங்கம். எழுபது பாங்காக், வெண்கலம். எல்லாம் மாமா சொல்லித்தான். மாமாவுக்கு வேலை அவ்வப்போதுதான் இருந்தது. கால்பந்து எப்போதும் இருந்தது.

அந்த வெண்கலத்துக்கு மறு வருஷம் எங்கள் மகாபலிபுரத்துப் பள்ளி செங்கல்பட்டில் ஆடப் போனது. ஜெயித்தால் அடுத்த ஆட்டம் மெட்ராஸில்! அப்பா வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கித் தந்திருந்தார். அணியிலேயே ஷூ எனக்கு மட்டும்தான். பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்படி காலை நீட்டி உட்கார்ந்தேன். எதிரே அணியின் மற்றவர்கள், குப்பத்துப் பையன்கள். துணைக்கு வந்த மாமா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நாப்பத்தெட்டு, லண்டன் ஒலிம்பிக்ஸ். பிரான்ஸ்காரன் பூட்ஸ் மாட்டிகினு நிக்கிறான். நம்மாளுங்க வெறுங்காலு! பிரான்ஸே ஆடிப்போச்சுடா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உனுக்கு இன்னாத்துக்குடா அது?"

கழற்றிப் பைக்குள் போட்டேன்.

செங்கல்பட்டு மைதானம் முழுக்கச் சரளை. எங்கள் கடற்கரை மணலில் விழுந்த இடத்திலேயே உட்காரும் பந்து, அங்கே எகிறி எகிறி ஓடியது. ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்தோம். முடியப்போகும் நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி. மணலில் அடிக்கிற பழக்கத்தில், பந்துக்கு அடியில் கட்டைவிரலை விட்டுத் தோண்டி அடித்தேன். நகம் பெயர்ந்தது. பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்து போனது.

"டேய், பந்து ஏரிக்குத் தண்ணி குடிக்கப் போச்சுடா!" என்று கத்தினான் ஒரு செங்கல்பட்டான்.

திரும்பும் பஸ்ஸில் மாமா என் விரலில் துணி சுற்றினார். "லண்டன்லயும் ஒண்ணுக்கு ரெண்டுதான்டா. நம்மாளுங்க பெனால்டியும் கோட்ட வுட்டாங்க."

"இத்த ஏன் காலைல சொல்லல?"

"நீ கேட்டியா?"

அவருக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். பின்னால் குப்பத்துப் பையன்கள், யாருக்குச் சரளை அதிகம் குத்தியது என்று பந்தயம் கட்டிச் சிரித்தார்கள். காலையில் என் ஷூவைப் பார்த்ததும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்ட கால்கள் அத்தனையும் இப்போது முன் சீட்டுக் கம்பியின்மேல் வரிசையாய் நீட்டிக் கிடந்தன. அதை நானும் பார்த்தேன். தோற்ற வருத்தமே இல்லையே இவன்களுக்கு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.