பெட்டர் சரி, யாரைவிட?

வீட்டில் அலமாரி கொள்ளாமல் நாவல்கள் வைத்திருக்கிறேன். ஆனால் எனக்குச் சோறு போடுவது 'பெட்டர்' என்ற ஒற்றைச் சொல்தான். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் லீடர்களுக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். 'பெட்டர்' என்று எழுதினால் யாரைவிட, எதைவிட என்பதையும் எழுதிவிட வேண்டும்; இதுதான் என் முழுப் பாடத்திட்டம். "இன்னைக்கு சாம்பார் பெட்டர்" என்று ஒருமுறை மனைவியிடம் சொன்னேன். "எதைவிட?" என்றாள். அதிலிருந்து வீட்டில் வாயைத் திறப்பதில்லை.

போன மாதம் சூப்பர்வைசர் பதவி ஒன்று காலியானது. முதல் ஷிஃப்ட்டின் லைன் லீடர், பக்கத்து வல்லம் வடகால் ஊர்க்கார அம்மா ஒருவர், விண்ணப்பத்தில் 'எங்கள் லைன் பெட்டர்' என்று எழுதி முடித்துவிட்டார். 'யாரைவிட? இன்றைக்குள் சொல்லவும்' என்று மேனேஜர் திருப்பி அனுப்பினார். விண்ணப்பம் என்னிடம் வந்தது.

"ரெண்டாவது ஷிஃப்ட்டைவிடன்னு போடுங்கம்மா. உண்மைதானே?"

"உண்மைதான் சார். அந்த ஷிஃப்ட்டு லீடரு எங்க வூட்டுக்காரராச்சே. இத எழுதிட்டு எந்த வூட்டுக்குப் போறது?"

"அப்போ போன மாசத்தைவிடன்னு போடுங்க."

"போன மாசமும் நாங்க சூப்பரா பண்ணோமே சார்!"

என் அலமாரி நாவல்கள் எதிலும் இப்படி ஒரு கட்டம் வந்ததில்லை.

ஷிஃப்ட் மாறும் நேரம். கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்வதே அப்போது தொழிற்சாலை கேட்டில்தான். வீட்டுச் சாவி கைமாறும். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"இன்னாமே, மூஞ்சி இப்டி கீது?" என்றார் கணவர்.

அம்மா விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா? நானும் அந்த வேலைக்கு நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். உன் ஷிஃப்ட்டவிட என் ஷிஃப்ட்டு பெட்டர்னு. சார்தானே அப்டி எழுதச் சொன்னாரு!"

என் விதியை முழுசாகக் கடைப்பிடித்த ஒரே மாணவர். பெருமைப்படலாம் என்றிருந்தேன், அம்மா என்னையும் சேர்த்து முறைத்ததால் ஒத்திவைத்தேன்.

"யோவ், உன் ஷிஃப்ட்டுல தப்பான பீஸா விழுந்து ஸ்க்ராப் தொட்டி ரொம்பி வழியுது. பெட்டராம் பெட்டரு!"

சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, செக்யூரிட்டி மேஜைமேல் விண்ணப்பத்தை விரித்து, 'ரெண்டாவது ஷிஃப்ட்டைவிட' என்று சேர்த்தார்.

"சார், 'பெட்டர்'க்கு முன்னால 'மச்' போடலாமா?"

"தாராளமா."

"ரெண்டு 'மச்'?"

ஆங்கிலம் அனுமதிக்கிறது. நானும் அனுமதித்தேன். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பதவி அம்மாவுக்கே கிடைத்தது. கேட்டில் நின்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தவர் கணவர்தான். இப்போது அவருடைய ரிப்போர்ட் மனைவியின் மேஜைக்குப் போகிறது. நேற்று வகுப்பு முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்:

"சார், சும்மா 'பெட்டர்'னு மட்டும் போட்டு நிறுத்திக்கலாமா?"

சாம்பார் கதையைச் சொன்னேன்.