வலப்பக்கம் யாரும் பார்ப்பதில்லை

திங்கட்கிழமை காலை தரை துடைக்கலாம் என்று பினைல் போத்தலைத் திறந்தேன். அதே நேரம் பார்த்து, பழைய அலுவலகத் தோழி நஸீராவின் குரல் செய்தி வந்து விழுந்தது.

"புள்ள, வெள்ளிக்கிழமையோட பழைய சிஸ்டத்த நிப்பாட்டப் போறாங்க. ஒங்கட லைன் இன்னமும் அதுக்குள்ள இரிக்கி. சொல்லணும்னு தோணிச்சு."

ஒரு கையில் பினைல், மறு கையில் போன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. பினைல் மணத்தால் எனக்கு வீடு சுத்தமான நினைவு வருவதில்லை, ஒரு பொலிஸ் நிலையத்தில் நான் உட்கார்ந்திருந்த மர வாங்குதான் வரும். அதைச் சொல்வதற்கு முதல் அலுவலகத்தைச் சொல்ல வேண்டும்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் கொம்பனி. யுத்தகாலம். ஜன்னலுக்கு வெளியே கடல், உள்ளே ஏ.சி.யின் பூஞ்சண வாசமும் யாரோ மேசை லாச்சிக்குள் ஒளித்துவைத்த மாலுபாணின் மீன் வாசமும். வாகன விபத்து நட்டஈட்டு விண்ணப்பங்களைக் கணினிக்குள் கொண்டுவரும் புரோகிராம்களை எழுதும் வேலை எங்களுடையது. எங்கள் மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது டெம்ப்ளேட். இரண்டு எழுத்தைத் தட்டி ஒரு விசையை அழுத்தினால் பத்துப் பன்னிரண்டு வரி தானாக வந்து விழும். எழுதியவர் பெயர், திகதி, நோக்கம், பிழை வந்தால் என்ன செய்வது, எல்லாம் அதற்குள் இருக்கும். இடியப்ப உரல் மாதிரி, மா மட்டும் நாங்கள் போட்டால் சரி. அலுவலகம் முழுவதும் பாவித்த டெம்ப்ளேட்டுகளைச் செய்து பொது ஃபோல்டரில் போட்டவள் நான். சோதனைகளையும் நானே எழுதினேன். பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றாக ஓடும், சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. எங்கள் பச்சையைப் பார்க்க இரண்டாம் மாடியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று பெருமையடிப்பேன். அவர்கள் எங்கள் தேநீருக்காக வந்தார்கள் என்பது நஸீராவின் கட்சி.

வரதன் அண்ணா எங்கள் டீம் லீடர். வெள்ளவத்தைக்காரர். கசங்காத சேர்ட், கழுத்தோடு பிறந்தது போல ஒரு டை. அவர் சொந்தமாக ஒரு வரி எழுதி நான் கண்டதில்லை. என் டெம்ப்ளேட்டைத் தட்டிவிட்டு நடுவில் இரண்டு சொல்லை மாற்றுவார், அவ்வளவுதான். ஆனால் விதி போடுவதில் மன்னன். சோதனை முழுவதையும் ஓட்டி, தாளில் அவர் கையெழுத்து வாங்காமல் யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது அவருடைய விதி. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

வேலை முடிந்து, டைரக்டர் பாறூக் சேருக்கு அதைக் காட்டும் நாள் வந்தது. காட்டப்போவது நான். ஒழுங்காகச் செய்தால் அடுத்த டீம் லீடர் நான்தான் என்று கதை அடிபட்டது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து வந்தால் செக் பொயின்ட்டுகளில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குவார்கள், பிந்திவிடும் என்று முதல்நாளே வெள்ளவத்தையில் சித்தியின் ஃபிளாட்டுக்குப் போய்விட்டேன். அப்படி ஒரு புத்திசாலி! அந்தக் காலத்தில் தமிழ் வீடுகளில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். ஒரு ராத்திரிதானே என்று சித்தி என்னைப் பதியவில்லை. விடிய ஐந்தரைக்குச் சுற்றிவளைப்பு. அந்த மாடியில் பட்டியலில் இல்லாத ஒரே ஆள் நான். டெமோவுக்கென்று அயர்ன் பண்ணி வைத்திருந்த நீலச் சேலையை உடுத்திக்கொள்ள மட்டும் விட்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் அப்போதுதான் பினைல் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். வாங்கில் பதினொரு பேர் இருந்தோம். எங்களை எழுதிக்கொண்ட பெண் கொன்ஸ்டபிள் மோசமானவள் அல்ல. அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் இவர் எங்கள் ஆள்தான் என்று சொன்னால் உடனே விடலாம் என்றாள். ஒன்பது மணிக்கு என் முன்னாலேயே போன் எடுத்து வரதன் அண்ணாவைக் கேட்டாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தாள்.

"எயா தன்னே நே கியனவா," என்றாள் சிங்களத்தில். அவருக்குத் தெரியாதாம்.

அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று பக்கத்து மேசையில் இருந்த நஸீரா பிறகு சொன்னாள். தனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஊழியர் விபரம் வைத்திருக்கும் ஆளணிப் பிரிவைக் கேளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்திருக்கிறார். ஆளணிப் பிரிவுக்காரர் லீவு. பத்து மணிக்கு டையைச் சரிசெய்துகொண்டு என் வேலையோடு பாறூக் சேரின் அறைக்குப் போயிருக்கிறார்.

என்னைப் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் கோயில் பாதர் வந்து வெளியில் எடுத்தார், என் ஞானஸ்நான சான்றிதழும் கையுமாக.

மறுநாள் வரதன் அண்ணா என்னைக் கண்டதும் சிரித்தார். "வந்திட்டீரா? நல்லது. டெமோ பிரமாதமாப் போனது."

"அண்ணா, நேற்று பொலிஸிலயிருந்து கோல் வந்ததோ?"

"கோலா? எனக்கு ஒண்டும் தெரியாதே."

கொம்பியூட்டரைத் திறந்தேன். நான் எழுதிய ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியவர் என்ற இடத்தில் வரதன் என்று இருந்தது. தேடி மாற்றும் கருவியில் என் பெயரைக் கொடுத்து, தன் பெயரைக் கொடுத்து, ஒரே அழுத்து. சோதனையை ஓட்டினேன். எல்லாம் பச்சை. யார் எழுதியது என்று சோதனைக்கு எங்கே தெரியப் போகிறது?

பயத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். பொலிஸிலிருந்து போன் வந்தால் எந்தத் தமிழனும் நழுவப் பார்க்கும் காலம் அது. ஆனால் பயந்த மனிதன் ஒரு மணித்தியாலத்தில் என் வேலையைத் தூக்கிக்கொண்டு டைரக்டரிடம் போகமாட்டான். அன்றிலிருந்து மனசுக்குள் அவர் எனக்கு அவன்தான்.

நான் அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம், எல்லோரும் எழும்பிப் போன பிறகு, பொது ஃபோல்டரில் அவன் பெயரோடு இருந்த தலைப்பு டெம்ப்ளேட்டைத் திறந்தேன். எழுதியவர் பெயருக்குக் கீழே ஒரு புது வரி போட்டேன். முதலில் இருநூறு வெற்றிடம், அதன் பிறகு ஒரு குறிப்பு. திரையில் பார்த்தால் அது வெறும் வரி. வலப்பக்கம் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். யாரும் வலப்பக்கம் பார்ப்பதில்லை. குறிப்பு வரியை இயந்திரமும் வாசிப்பதில்லை, ஆகவே சோதனை பச்சைதான். ஆங்கிலத்தில் எழுதிய அந்த வரி தமிழில் இவ்வளவுதான்: "நான் பொலிஸில் இருந்த நாளில் வரதன் இதைத் தன்னுடையது என்று காட்டினான்."

அதன் பிறகு அவன் இரண்டு எழுத்தைத் தட்டும்போதெல்லாம் தன் பெயரின் கீழே, தன் கையால், அந்த வரியை எழுதிக்கொண்டிருந்தான். அவன் விசை தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் மாலுபாண் சாப்பிடுவேன். அந்த மாலுபாணுக்கு இருந்த ருசி இப்போது எதற்கும் இல்லை. நஸீரா ஒருநாள் தற்செயலாக வரியின் கடைசிக்குப் போய்ப் பார்த்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்தில் நான் இதைப் பாதரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்காக மனம் வருந்த வேண்டும்.

அவசரமும் படவில்லை. வாகன இன்சூரன்ஸில் பொலிஸ் ரிப்போர்ட் பற்றிய விதி என்றைக்காவது மாறியே ஆகும், அன்றைக்கு யாராவது பொலிஸ் என்ற சொல்லைத் தேடியே ஆக வேண்டும். இரண்டு வருடம் காத்திருந்தேன்.

விதி மாறியது. பொலிஸ் ரிப்போர்ட் எங்கெங்கே பார்க்கப்படுகிறது என்று கேட்டுக்கொண்டு பாறூக் சேர் எங்கள் மாடிக்கே வந்தார். "இப்பவே தேடித் தாறன் சேர்," என்று வரதன் கதிரையை இழுத்துப் போட்டான். பொலிஸ் என்று அடித்தான். தேடும் கருவிக்கு ஒரு நல்ல பழக்கம்: வரிகளின் முன்னால் இருக்கும் வெற்றிடத்தை வெட்டிவிட்டுத்தான் பட்டியல் போடும். வலப்பக்கக் கோடியில் கிடந்தது இடப்பக்கத்துக்கு வந்து வரிசையாக நின்றது. திரைக்குத் திரை ஒரே வசனம்.

பாறூக் சேர் ஒருதரம் சத்தமாக வாசித்தார். "வரதன், இது என்ன? எல்லாத்துக்கும் மேல ஒங்கட பேர்தானே இரிக்கி?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். டையைத் தளர்த்திக்கொண்டான். "சொல்லுமன், இது என்ன எண்டு," என்றான்.

இரண்டு வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். "எனக்கு ஒண்டும் தெரியாதே, அண்ணா."

"இப்பவே அழிச்சிடுறன் சேர்," என்று விசைப்பலகையில் கை வைத்தான்.

"டெஸ்ட் ஓட்டாம, ஸைன் இல்லாம ஒரு எழுத்தும் மாத்தக் கூடாதுண்டு ரூல் போட்டது நீங்கதானே?" என்றார் சேர். "ஒவ்வொண்டா ஸைன் வைங்க."

இரண்டு நாள் இருந்து பார்த்தான். ஒவ்வொரு தாளிலும் மாற்றத்துக்கான காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் என்னத்தை எழுதுவான்? அந்த வரிகளை அப்படியே விட்டுவிட்டான். ஆறு மாதத்தில் கனடா போய்ச் சேர்ந்தான். டீம் லீடர் பதவி எனக்குக் கிடைக்கவில்லை, வெளியாள் ஒருவர் வந்தார். என்றாலும் நான் அந்த நாளை எதனோடும் மாற்றமாட்டேன்.

இப்போது செக் பொயின்ட் இல்லை. சித்தியின் ஃபிளாட்டை இடித்து ஹோட்டல் கட்டியிருக்கிறார்கள். பாறூக் சேர் மௌத்தாகிவிட்டார், பாதரும் காலமாகிவிட்டார். புதுச் சிஸ்டத்தில் டெம்ப்ளேட்டே இல்லையாம், கேட்டால் அதுவே எழுதித் தருமாம். மிஞ்சியிருந்தது அந்த வரி ஒன்றுதான். அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பில் நான் எத்தனையோ நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். நாளையோடு அதுவும் இல்லை. பினைல் மணம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

இன்று வியாழக்கிழமை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன். இனி அவன் இங்கே இருப்பான், முன்னால் வெற்றிடம் ஏதும் இல்லாமல், இடப்பக்கத்திலேயே.