எந்தப் பிரஷர்?

என் மனைவியின் நெஞ்சுக்குள் வைத்திருந்த சின்னக் கருவி, இருதயத்துக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து டாக்டருக்கு அனுப்பும்.

ஒருநாள் காலை பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவரே போன் செய்தார். “பிரஷர் ஏறியிருக்கு. உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ.”

மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் பாதை படுமோசம். அதனால் முதலில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்தார்கள். நார்மல் என்றார்கள்.

“மெசினுக்குத்தாங்க பிரஷர், எனக்கில்ல” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள்.

கூடையோடு போனவளை மத்தியானம் கம்பளியில் கிடத்தி, உயிரில்லாமல் தூக்கி வந்தார்கள்.

“நான் சொன்னது கையில பாக்கிற பிரஷர் இல்லை, ஐயா. இருதயத்துக்குள்ள ஏறினது” என்றார் டாக்டர், போனில்.

எங்களுக்குத் தெரிந்தது ஒரே பிரஷர்தான். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த எனக்குத் தெரியாதது, அந்தக் கருவிக்குத் தெரிந்திருந்தது.