ஒரே பட்டையில் அடித்த இரண்டு அரிவாள்கள்

2019 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது. புளியங்குடிப் பக்கம் சாரல் விழுவதாகப் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். சங்கரன்கோவிலில் ஒரு துளி இல்லை, காற்று மட்டும். அந்தக் காற்றில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து வேம்பு ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு மணிக்கு அதை அடியோடு அறுக்க மெஷின் வாள்காரர் வருவதாக இருந்தது.

அந்த வேம்பு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரியும். ஒரு பாதி எங்கள் முற்றத்துக்கு நிழல். மறு பாதி மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியின் மேல் சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் தகரக் கூரை போடுவதாக இருந்தார். அன்று பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் வருவார்கள், அதற்குள் கொம்பு போய்விட வேண்டும் என்று பத்து நாள் முன்பே சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. மெஷின்காரரைக் கேட்டேன். அவர் ஒரு கொம்புக்காக வரமாட்டேன் என்றார்.

"முழு மரம்னா வாரேன் அண்ணாச்சி. விறகை நான் எடுத்துக்கிடுதேன், கூலி வேண்டாம். ஒத்தக் கொம்புன்னா பெட்ரோலுக்கே காணாது."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மனைவியிடம் சொன்னேன்.

அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. தெருமுனைக் கடைக்குக்கூடப் போவதில்லை. எங்கள் வீடு கான்கிரீட் வீடு, மதியம் ஒரு மணிக்குமேல் உள்ளே இருக்க முடியாது. பங்குனி பிறந்ததிலிருந்து ஆவணி வரை அவளுடைய பகல் முழுவதும் அந்த வேம்பின் கீழ்தான். கயிற்றுக் கட்டில், காய்கறி, செய்தித்தாள், தூக்கம், பின்தெருவில் போகிறவர்களோடு மதில்மேல் பேச்சு எல்லாம் அங்கேதான் நடக்கும்.

"மரத்தை வெட்டிப்போட்டு என்னைய எங்க கொண்டு வைக்கப் போறீய? ஃப்ரிட்ஜுக்குள்ளயா?" என்று கேட்டாள். உடனே போனை எடுத்துக் கரிவலம்வந்தநல்லூரில் இருந்த தம்பியிடம் பேசினாள். அவளுடைய தம்பி அறுபத்திரண்டு வயது விவசாயி. பதினோரு மணிக்குள் நாங்களே கொம்பை வெட்டி இறக்கிவிட்டால் மரம் நிற்கும், இல்லாவிட்டால் மெஷின். இப்படி முடிவு செய்தவள் அவள்தான்.

எனக்கும் மைத்துனனுக்கும் ஆளுக்கொரு அரிவாள் உண்டு. எனக்குக் கல்யாணமான மறு வருடம் புளியங்குடியில் ஒரு லாரி ஷெட்டில் பழைய ஸ்பிரிங் பட்டை ஒன்றை இருவரும் சேர்ந்து வாங்கினோம். அதை இரண்டாக வெட்டி ஒரே பட்டறையில் ஒரே நாளில் இரண்டு அரிவாள் அடித்தோம். தராசில் வைத்தபோது என்னுடையது இருபது கிராம் கூடுதல். அன்றிலிருந்து அவன் தன் அரிவாளைக் கையால் கல்லில் தேய்த்தே வந்தான். நாற்பது வருடக் கல்தேய்ப்பில் அதன் வாய்க்கு மேலே இரண்டு பக்கமும் மழுங்கி உருண்டு, கன்னம் உப்பிய முகம்போல் ஆகிவிட்டிருந்தது. என்னுடையது பரணில் கிடந்தது.

நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் கோணத்தோடு குடும்பம் நடத்தியவன். ஆப்பு எவ்வளவு மெலிதோ அவ்வளவு சுலபமாக இறங்கும் என்பது என் கணக்கு. முந்தின வாரம் அரிவாளைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சாணைக் கடைக்குக் கொண்டுபோய், முதுகிலிருந்து வாய்வரை மோட்டார் சக்கரத்தில் சீவச் சொன்னேன். போதுமா என்று கடைக்காரர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இன்னும் என்றேன். முடிந்தபோது இரண்டு பக்கமும் லேசாக உள்வாங்கிக் குழிந்து, வாய் தாளைப்போல் இருந்தது. செய்தித்தாளைத் தொங்கவிட்டு இழுத்தால் சத்தமில்லாமல் இரண்டானது. எனக்கு ரொம்பத் திருப்தி.

மைத்துனன் ஏழரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். எட்டாகியும் காணவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருப்பதால் கனமாக எதுவும் செய்யக்கூடாது என்று உத்தரவு. மனைவி அடுப்படியில் இருந்தாள். பெஞ்சின் மேல் ஏறினேன்.

முதல் வெட்டு இரண்டு விரற்கடை இறங்கியது. என் கணக்குச் சரி என்று நினைத்தேன். இரண்டு, மூன்று, நான்கு. நன்றாக இறங்கியது, ஆனால் ஒரு சில்லுகூட வெளியே விழவில்லை. மரத்தில் கீறல் கீறலாக விழுந்ததே தவிரப் பள்ளம் விழவில்லை. ஏழாவது வெட்டில் அரிவாள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆட்டினேன், இழுத்தேன், காலை மரத்தில் கொடுத்து இழுத்தேன். பச்சை மரம் இரண்டு பக்கமும் அதை இறுகப் பிடித்திருந்தது.

"ஏங்க! கீழ இறங்குதீயளா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா?" என்றாள் மனைவி, அடுப்படி வாசலில் நின்று.

இறங்கினேன். அரிவாள் மரத்திலேயே நின்றது.

எட்டு முப்பத்தைந்துக்கு அவன் வந்தான். ஊருக்குள் நுழையும் இடத்தில் வண்டிச் சோதனை. சாக்கில் சுற்றிய அரிவாளைப் போலீஸ்காரர் பார்த்துவிட்டார்.

"யாரை வெட்டப் போறேன்னு கேட்டாரு அத்தான். வேப்பங்கொம்பைன்னேன். நம்பல. அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவ பேசின பேச்சுல, போங்கய்யா போங்கன்னுட்டாரு."

பிறகு மரத்தைப் பார்த்தான்.

"இது என்ன, சுடலைமாடனுக்கு நேர்ந்து குத்தி வச்சிருக்கியளா?"

"சிக்கிக்கிட்டு மாப்ளே."

அவன் மெதுவாக மேலும் கீழும் அசைத்து அதை உருவினான். வாயில் ஓர் அரிசி அளவுக்கு உடைந்து பல் விழுந்திருந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"அருவாளைக் கொடுத்துட்டு பிளேடு வாங்கிட்டு வந்திருக்கீய. இதை வச்சுச் சவரம் பண்ணலாம். தள்ளிக்கிடுங்க."

தன்னுடையதை எடுத்துப் பெஞ்சில் ஏறினான். ஓங்கி ஒரு போடு. டொக் என்று சத்தம், அரிவாள் திரும்பி வந்தது. பட்டை நசுங்கிச் சாறு தெறித்தது, அவ்வளவுதான். பதினைந்து வெட்டு எண்ணினேன். அரிவாள் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை, ஒரு விரல்கூட இறங்கவும் இல்லை.

"என்னடே, உலக்கையால குத்துதியா?" என்றாள் மனைவி, கட்டிலில் உட்கார்ந்தபடி. "ஒருத்தர் கொண்டுவந்தது ஒல்லி, ஒருத்தன் கொண்டுவந்தது தடியன். என் மரம் போச்சு."

மணி ஒன்பது பத்து. கொம்பின் சுற்றளவை டேப் வைத்து அளந்திருந்தேன், முப்பத்தொரு அங்குலம். இப்படியே போனால் மாலைதான்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் விட்ட கீறல்களில் ஒன்றின் பக்கத்தில் தடியனை ஓங்கிப் போட்டான். அந்தக் கீறல் வரைக்கும் மரம் விண்டு, உள்ளங்கை அகலச் சில்லு ஒன்று பறந்துபோய்க் கட்டில் காலில் விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

"வே மாப்ளே, இன்னொண்ணு போடு."

அடுத்த கீறலிலும் அப்படியே நடந்தது. ஒல்லியின் வாய் நாரை அறுத்து ஆழமாக வழி செய்துவைத்திருந்தது. ஆனால் ஒல்லியில் மரத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சதை இல்லாததால் மரம் அதைப் பிடித்துக்கொண்டது. தடியனால் நாரை அறுக்க முடியவில்லை. அறுபட்ட நார் கிடைத்தால், அதன் உப்பிய கன்னம் மரத்தை நெம்பி வெளியே எறிந்தது, எறிந்துவிட்டுத் தானும் சிக்காமல் வந்தது. ஒரே பட்டையின் இரண்டு துண்டுகள்தான். வாய்க்கும் முதுகுக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் இடத்தில் நான் எடுத்துவிட்டதும் அவன் விட்டுவைத்ததும்தான் வித்தியாசம்.

அதன்பிறகு முறை வைத்துக்கொண்டோம். அடிப்பக்கம் முதலில், கொம்பு முறியும்போது பட்டை கிழிந்து மற்றப் பாதியையும் இழுத்துவிடாமல் இருக்க. பிறகு மேல்பக்கம். ஒல்லியால் சாய்வாக இரண்டு, சிக்காத அளவு மெதுவாக. தடியனால் ஒன்று. அரிவாளைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள், அதனால் நாங்கள் எப்போதும் கீழே வைத்துத்தான் கொடுப்போம். இங்கே கீழே என்பது மதில். அவன் ஒன்றை மதிலில் வைப்பான், நான் மற்றதை வைப்பேன், அவன் எடுப்பான்.

"ஒல்லி!" என்பான் மேலிருந்து. வைப்பேன். "தடியன்!" வைப்பேன்.

"கைக்குக் கை கொடுக்காமலே இந்தச் சண்டை போடுதீய," என்றாள் மனைவி. ஏனென்றால் இடையிடையே நான் சாய்வு போதாது என்று சொல்ல, அவன் அப்படியானால் நீங்கள் ஏறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பத்து இருபதுக்கு மெஷின்காரர் வந்துவிட்டார். வாளைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"கொத்துங்க அண்ணாச்சி, கொத்துங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். பதினொண்ணுக்குப் பாதி நிக்கும், நான் மீதியை முடிச்சுக்கிடுதேன்."

மனைவி கட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தையே பார்த்தாள். மைத்துனனின் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. வலது கையை உதறுவதும் வெட்டுவதுமாக இருந்தான். பக்கத்து மாடியில் தகரம் இறக்கும் சத்தம் கேட்டது. கொம்பின் நடுவைக் கயிற்றால் கட்டி, மரத்தின் மறு பாதியில் ஒரு சுற்றுச் சுற்றி நான் பிடித்திருந்தேன்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு, இருநூற்றுப் பதினெட்டாவது வெட்டில், கொம்பு ஒரு முனகலோடு சாய்ந்தது. கயிறு இழுத்து அதைத் திருப்பியது. இலையும் காயும் சுள்ளியுமாக எங்கள் முற்றத்தில் விழுந்தது. மறு பாதி ஒரு தடவை ஆடிவிட்டு நின்றது. பட்டை ஒரு சாண்கூடக் கிழியவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த மெஷின்காரர் வெட்டுவாயைத் தடவிப் பார்த்தார். "பரவால்ல, மரம் கோவிச்சுக்கிடாம வெட்டியிருக்கீய," என்றார். விழுந்த கொம்பை அவருக்கே கொடுத்தேன். ஆனாலும் வந்த கூலி கேட்டார், கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மைத்துனனால் வலது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைநார் வீக்கம், வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். ஒன்பது நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தான். கட்டிலில் அக்கா, பெஞ்சில் தம்பி, நாற்காலியில் நான். நிழல் பாதியாகிவிட்டதால் வெயில் நகர நகர மூன்று பேரும் நகர்ந்தோம். எங்கள் கல்யாணத்துப் பந்திக்கு விறகு உடைத்ததை அவன் சொன்னான். குருவிகுளம் பக்கத்திலிருந்து வண்டியில் வந்த உடை முள்மர விறகில் ஒரு தேள் ஏறிவந்து மாப்பிள்ளை வீட்டு வெற்றிலைத் தட்டில் உட்கார்ந்ததாம். நாற்பத்திரண்டு வருடமாக அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. மனைவி சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடது கையால் அவன் சோறு பிசைவதைப் பார்த்து அவளே ஊட்டியும்விட்டாள். அறுபத்திரண்டு வயதுக்காரன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

இப்போது அவன் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறான். ஏழாவது மாடியாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதலில் மரத்தைத்தான் விசாரிக்கிறான், பிறகுதான் எங்களை. வெட்டின இடத்தில் பட்டை மூடிவிட்டது, இரண்டு புதுக் கொழுந்து கிளம்பி அந்தப் பக்கமே சாய்கின்றன என்று போன வாரம் சொன்னேன். வரட்டுமா என்று கேட்டான். வா என்றேன். சிரித்தான். மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

சாணை, கயிறு, மெஷின்காரர் கூலி, எக்ஸ்ரே, ஊசி, மாத்திரை, தைலம், தம்பிக்கென்று அவள் ஒன்பது நாளும் வாங்கச் சொன்ன கறியும் மீனும், எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து ரூபாய்.