பல்லெண்ணி அக்காவும் அமுக்கின தபால்தலையும்

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் பல்லெண்ணி. பல் வைத்தியம் பார்ப்பவள் என்று நினைத்துத் தாடையைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தவர்களும் உண்டு. அவள் எண்ணியதெல்லாம் தபால்தலையின் ஓரத்துப் பற்களை. அளவுகோலை வைத்துப் பற்களை எண்ணி, இது எந்தக் காலத்து அச்சு, எவன் ஓரத்தை வெட்டித் தில்லுமுல்லு பண்ணியிருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் அவள் கடை. வடக்குப் பார்த்த ஜன்னல், அதை ஒட்டி மேஜை, மேஜைமேல் இடுக்கி, பூதக்கண்ணாடி, கறுப்புப் பீங்கான் கிண்ணம். நேர்வெயில் படாத வெளிச்சத்தில்தான் நிறம் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

தொழிலால் சந்தேகம் வந்ததா, சந்தேகத்துக்குத் தோதாகத் தொழில் அமைந்ததா என்று கேட்டால் இரண்டாவதுதான் சரி. பால்காரன் சிரித்தால் தண்ணீர் கலந்துவிட்டான் என்பாள். சிரிக்காவிட்டால், திருட்டு முழி முழிக்கிறான் என்பாள். "நான் தும்மினாக்கூட நெஜத் தும்மலான்னு பாக்கறா" என்று அவள் புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சொன்னால் எதையோ மறைக்கிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம் வரும்.

அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. வீட்டில் சின்னவன் என்றே கூப்பிடுவார்கள். பல வருஷங்களுக்கு முன்னால் அக்காவின் பெயரைச் சொல்லி அவளுடைய வாடிக்கையாளர் ஒருவருக்குத் தபால்தலை ஒன்றை விற்றான். அது போலி. தன்னையும் யாரோ ஏமாற்றிவிட்டதாகத் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினான். அவள் நம்பவில்லை. நம்பாததோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை, சொந்தபந்தம் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். அப்புறம் அவன் எந்த வீட்டுக்குப் போனாலும் பீரோச் சாவி இடுப்புக்கு ஏறிக்கொண்டது. பாவம், அவனும் பார்க்காத வேலையில்லை. கடைசியில், வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

அவன்தான் அன்று காலையில் மாடியேறி வந்தான். சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடித்தாள் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தான். உள்ளே நீல நிறத்தில், ஒரு சென்ட் விலை போட்ட தபால்தலை. அமெரிக்கா, பத்தொன்பதாம் நூற்றாண்டு. மேலே கறுப்பு மையில் தபால் முத்திரை விழுந்திருந்தது.

"எங்க கிடைச்சுது?" என்றாள். வா, உட்கார் என்று ஒரு வார்த்தை இல்லை.

"ஒரு வீட்டைக் காலி பண்ணோம். பழைய கடுதாசிக் கட்டு ஒண்ணு. குப்பைதானே, எடுத்துட்டுப் போன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க."

"கேட்டு எடுத்தியா, எடுத்துட்டுக் கேட்டியா?"

"கேட்டுத்தாங்கா எடுத்தேன். வேணும்னா அவங்களையே கேளு." அவன் நின்றுகொண்டே பேசினான். "எனக்குக் காசு வேண்டாம். இது நெஜம்னா நீயே வெச்சுக்கோ. சொந்தக்காரங்க முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லு, என் தம்பி ஏமாத்துக்காரன் இல்லைன்னு. இந்தக் கடையில ஓரமா ஒரு நாற்காலி போடு. என் பொண்ணு போன வாரம் கேட்டா, அப்பா, நீ திருடனான்னு. நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் மனசு கொஞ்சம் ஆடத்தான் செய்தது. ஆடியதுமே, இவன் நம்மை உருக்கிக் காரியம் சாதிக்கப் பார்க்கிறான் என்று தோன்றிவிட்டது. பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தாள்.

நிறம் சரியாக இருந்தது. தாளும் சரி. பற்களை இரண்டு தரம் எண்ணினாள், அதுவும் சரி. எல்லாம் சரியாக இருந்ததால் சந்தேகம் கூடியது. தபால்தலையைத் திருப்பினாள். அங்கே, மங்கலாக, கிரில் தெரிந்தது.

ஜன்னலுக்குப் போடுகிற கிரில் இல்லை, இது வேறு. முத்திரை மையைக் கழுவிவிட்டு ஜனங்கள் பழைய தபால்தலையையே மறுபடி ஒட்டி ஏமாற்றுகிறார்கள் என்று அந்தக் காலத்தில் அமெரிக்க அரசாங்கத்துக்குச் சந்தேகம். அதனால் கூர்முனை வைத்த உருளையால் தாளின் முதுகில் அமுக்கி, கட்டம் கட்டமாகத் தழும்பு போட்டார்கள். தாள் உடைந்த இடத்தில் மை உள்ளே இறங்கிவிடும், கழுவினாலும் போகாது. ஓர் அரசாங்கமே தன்னைப்போல யோசித்திருக்கிறது என்று பல்லெண்ணிக்கு அந்தத் தழும்புமேல் தனிப் பிரியம். கட்டத்தின் அளவைப் பொறுத்து மதிப்பு மாறும். ஒரே ஓர் அளவு மட்டும் எவர் கண்ணிலும் லேசில் படாது. மேஜைமேல் கிடந்தது அந்த அளவு.

அதனால்தான் போலி செய்கிறவர்களும் அதில் கைவைப்பார்கள். சாதாரணத் தபால்தலையை எடுத்து, முதுகில் புதிதாகக் கட்டம் போட்டுவிடுவார்கள். இந்தத் திருட்டு வேலைக்குத் தொழில்காரர்கள் வைத்த பெயர் அமுக்கறது. அரைகுறையாக அமுக்கினால் தழும்பு இப்படித்தான் மேலோட்டமாக இருக்கும்.

அவள் நிமிர்ந்து அவன் கண்ணையே பார்த்தாள்.

"இதை யாரு அமுக்கினது?"

அவன் திருதிருவென்று விழித்தான். "எப்படிக்கா கண்டுபிடிச்சே?"

"நீதானா?"

"ஆமா, நான்தான் அமுக்கினேன். உன்கிட்ட கொண்டு வரோமே, பார்க்க நல்லா இருக்கட்டும்னுதான்…"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. போலி என்று தெரிந்தால் முதுகில் 'போலி' என்று ரப்பர் முத்திரை குத்தி அனுப்புவது அவள் வழக்கம். இன்னொருத்தன் தலையில் யாரும் அதைக் கட்டிவிடக்கூடாது என்பதற்காக. எதில் கழுவினாலும் போகாத ஊதா மையைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். தாளின் தழும்பைத் தெளிவாகக் காட்டும் பென்சின் திரவத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, தபால்தலையை நனைத்துப் பார்த்து, கொண்டுவந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் குத்துவாள். அன்று நனைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அவனே வாயால் ஒப்புக்கொண்டுவிட்டானே! ஓங்கிக் குத்தினாள்.

"என்னக்கா பண்றே?" என்று பதறினான்.

"அமுக்கினேன்னு நீதானேடா சொன்னே?"

"சுருக்கம் சுருக்கமா இருந்துச்சு. முதுகெல்லாம் சொரசொரன்னு வேற. என் பொண்ணோட அகராதிக்கு அடியில வெச்சு, மேல தலகாணியைப் போட்டு அமுக்கினேன். அது ஒரு தப்பா?"

அவள் ரப்பர் முத்திரையைக் கீழே வைத்தாள். சொரசொரப்பு என்றால், அகராதிக்கு அடியில் போவதற்கு முன்னால் தழும்பு ஆழமாக இருந்திருக்கிறது. இல்லை, பொய், இதையும் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். கிண்ணத்தில் பென்சினை ஊற்றினாள். தபால்தலையை முகம் கீழே இருக்கும்படி போட்டாள்.

கறுப்புக் கிண்ணத்தில் கட்டம் வரிசை தப்பாமல் எழுந்து நின்றது. ஒவ்வொரு முனையும் தாளை உடைத்திருந்த இடத்தில் முன்பக்கத்துத் தபால் முத்திரையின் கறுப்பு மை பொட்டுப் பொட்டாக உள்ளே இறங்கியிருந்தது. தழும்பு விழுந்த பிறகுதான் முத்திரை விழுந்திருக்கிறது. இன்றைக்கு எவன் அமுக்கினாலும், என்றைக்கோ காய்ந்துபோன மையை உள்ளே இறக்க முடியாது. அசல். அந்த அளவுக் கட்டத்தில் அவள் ஆயுசில் கையால் தொட்ட ஒரே ஒரு அசல். அதன் நடுவில் ஊதா மை, பென்சினுக்கு அசையாமல் பளிச்சென்று இருந்தது.

"சின்னவனே…" என்றாள். "நெஜம்தான்டா."

அவன் கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். 'போலி' என்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல வெகுநேரம் பார்த்தான்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்றாள் அவள். "இன்னிக்கே போன் போட்டுச் சொல்றேன். நாளைக்கு வந்து உக்காரு. கடைச் சாவி ஒண்ணு செஞ்சு தரேன்."

"ஸ்டாம்பைப் பாத்து நம்பறே" என்றான் அவன். அதில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "என்னைப் பாத்து ஒரு தடவையாவது நம்பியிருக்கியாக்கா?"

அவன் இடுக்கியால் தபால்தலையை எடுத்து, உலரும்வரை ஊதி, உறைக்குள் போட்டுக்கொண்டான். என் பொண்ணுக்குக் காட்டணும் என்றான். வரேன் என்று சொல்லவில்லை. படியிறங்கும் சத்தம் கேட்டது.

அவள் அழுதாள். வாய்விட்டு, கீழே கண்ணாடிக் கடைக்குக் கேட்கும்படி அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, அவள் கை தன்பாட்டுக்கு மேஜை இழுப்பறையைத் திறந்து, அவன் போன பிறகு எல்லாம் வைத்தபடி இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தது.