மாதாவின் நெற்றிப் பொட்டு

ஒரு மழைக்காலத்தில் மாதா எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கிப் புறப்பட்டபோது அவளுடைய நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. அதை வைத்தது யார் என்பதற்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரிடமும் ஒரு பதில் இருந்தது. என்னிடம் மட்டும் வேறொரு பதில் இருந்தது. இரண்டுமே பிழை என்று தெரிந்துகொள்ள எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

அப்போது நாங்கள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். கீழே பார்த்தால் கண்டி நகரமும் வாவியும் தெரியும். பனி மூடினால் பக்கத்து வீட்டுக் கதவுகூடத் தெரியாது. எங்கள் லயத்தில் வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கர்கள், சில வீடுகள்தான். மற்ற எல்லாரும் மாரியம்மன் கோயில்காரர்கள். ஒக்டோபர் மாதம் வந்தால் சிற்றாலயத்தில் இருக்கும் மாதா சிலையை, நாங்கள் சுருவம் என்போம், முறை வைத்து எங்கள் வீடுகளுக்குக் கொண்டு வருவார்கள். மாதா ஒரு வீட்டில் ஓர் இரவு தங்குவாள். மறுநாள் பொழுது சாயும்போது எல்லாரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் இருப்பாள். எனக்கு அவள் சுருவம் இல்லை. வருசத்துக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்தாளி.

அந்த விருந்தாளியின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு என் தாய்மாமாவுடையது. அவர்தான் தோட்டத்து உபதேசியார். பூசை வைக்கிற சாமியார் எப்போதாவதுதான் மலையேறி வருவார் என்பதால் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது எல்லாம் மாமாதான். நல்ல மனுசன். ஆனால் மோட்சத்துச் சாவியில் ஒன்று தன் இடுப்பிலும் தொங்குகிறது என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு. மாதாவை வெறுங்கையால் யாரும் தொடக் கூடாது, வெள்ளைத் துணி சுற்றித்தான் தூக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். மீறினால் அந்த வீட்டுக்கு அடுத்த வருசம் முறை கிடையாது. வேதக்காரப் பெண்களுக்குப் பொட்டு எதற்கு என்றும் அடிக்கடி பிரசங்கம் செய்வார். பெண்கள் பணிவாகத் தலையாட்டிக் கேட்பார்கள். மறுநாளும் பொட்டோடுதான் வருவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். பழைய பவுடர் டின் மூடியில் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்து வைத்திருப்பா. தினமும் காலையில் அதை மோதிர விரலால் தொட்டு வட்டமாக இட்டுக்கொள்வா.

அந்த வருசம் மாதா வருவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்புதான் அப்பா மரத்திலிருந்து விழுந்தார். தேயிலைக்கு நிழல் தரும் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அவருடைய வேலை. மழையில் ஊறிய கிளையில் கால் வழுக்கிவிட்டது. தலையில் அடி. சாக்குக் கட்டிலில் வைத்துக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் இருந்தது, நினைவு இல்லை. கண் திறந்தால் பிழைப்பார், திறக்காவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அம்மா அழவில்லை. அதுதான் லயத்தில் பெரிய பேச்சாக இருந்தது. காலையில் எனக்குச் சாப்பாடு வைத்துவிட்டு மலை இறங்கிப் போவா. அப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டுப் பொழுது சாயத் திரும்பி வருவா. என்னோடு பேசுவதே இல்லை. தலை வாரிவிடும்போதுகூட அவவுடைய கை வேறு யாருடைய கையோ போல இருக்கும். கல்லு மாதிரி இருக்கிறாள் என்று சனம் சொன்னது. சிலர் அதை மெச்சிச் சொன்னார்கள், சிலர் அப்படி இல்லை. எனக்கோ அப்பா இல்லாததைவிட அம்மா அப்படி இருந்ததுதான் கூடப் பயமாக இருந்தது.

எங்கள் முறைக்கு முதல்நாள் மாமா வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மெழுகாத தரையும் காலியான மாவு டின்னும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

“தங்கச்சி, இந்த வருசம் ஒன் மொறைய விட்டுடு. இருக்கிற நெலமையில ஒன்னால ஏலாது. மாதா கோவிக்க மாட்டா” என்றார்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னா. “எல்லாம் நல்லா இருக்கையில வந்தவ, இப்ப வராம வேற எப்ப அண்ணே வரணும்?”

மாமா காலியான மாவு டின்னை மூடி வைத்துவிட்டுப் புறப்பட்டார். 

மாதா வந்தால் கூட வருகிற சனத்துக்குத் தேத்தண்ணியும் கடிக்க ஏதாவதும் கொடுப்பது வழக்கம். கடைகளில் மாவும் சீனியும் கண்ணில் காட்டாத காலம் அது. பக்கத்து வீட்டு அத்தைதான் தன் தோட்டத்து மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி அவித்து, தேங்காய்ச் சம்பலும் அரைத்துக் கொடுத்தா. அத்தை என்றால் சொந்தம் இல்லை. அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவ. நெற்றியில் பெரிய குங்குமம் வைத்திருப்பா. தூரத்திலிருந்தே ஆள் யார் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

மாதா குடைக்குள் நனையாமல் வந்து சேர்ந்தாள். வெள்ளை வேட்டி விரித்த வாங்குப் பலகையின் மேல் அவளை வைத்தார்கள். ஜெபமாலை முடிந்ததும் அம்மாவுக்கு ஆறுதல் சொல்வதற்காக மாமா யோபுவின் கதையைத் தொடங்கினார். யோபுவின் மாடுகள் போய், ஒட்டகங்கள் போய், பிள்ளைகளும் போய்ச் சேருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதுவிடு, அழுதால் பாரம் குறையும் என்றார்கள். அம்மா எல்லாருக்கும் கிழங்கு கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தா. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சனம் கலைந்தது. அவ்வளவு பேர் கொண்டுவந்த ஆறுதலில் ஒரு துளிகூட அம்மாவின் மேல் ஒட்டவில்லை.

விடியும் நேரத்தில் எனக்கு விழிப்பு வந்தது. வேலைக்குக் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. மாதாவின் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா வாங்கோடு ஒட்டி முழங்காலில் நின்றா. எனக்கு அவவுடைய முதுகுதான் தெரிந்தது; மாதாவின் முகத்தை அம்மாவின் தலை மறைத்திருந்தது. அவ்வளவு கிட்டத்தில் நின்றா. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் காதோடு காதாக இரகசியம் சொல்வதுபோல அம்மா மாதாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறா என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனேன்.

நான் எழும்பியபோது அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தா. கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனால் வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தா. என் தலையை வாரும்போது பேன் பார்த்து, “காட்டுப் புள்ள மாதிரி திரியுறியே” என்று மண்டையில் ஒரு குட்டு வைத்தா. எனக்கு வலித்தது. அம்மா திரும்பி வந்துவிட்டா என்று சந்தோசமாகவும் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல சேதி வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு சேதியும் வந்திருக்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்னைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்தா. வாசலில் நின்று அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா.  முந்தானையின் நுனியை நனைத்து அம்மாவின் நெற்றியில் கலைந்து கிடந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டு, பவுடர் டின் மூடியை என்னிடம் எடுத்துவரச் சொல்லி, புதிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டா. டவுனுக்குப் போவதால் சோடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அன்று முழுவதும் அத்தை எங்கள் வீட்டு வாசல்படியிலேயே இருந்தா. கீரை ஆய்ந்தா, அரிசியில் கல் பொறுக்கினா. உள்ளே வரச் சொன்னால், “ஒங்க சாமி இருக்கையில ஒங்க மாமாவக் கேக்காம உள்ளுக்கு வாறது மொறையில்ல புள்ள” என்று சொல்லிவிட்டா. செவ்வரத்தம்பூக்கள் பறித்து வந்து என்னிடம் கொடுத்து, மாதாவின் காலடியில் வைக்கச் சொன்னா. நான்தான் வைத்தேன். சன்னல் இல்லாத அறை. பகலிலும் இருட்டு. காலடிக்கு மேலே நான் பார்க்கவில்லை.

பொழுது சாய மாமாவும் சனமும் மாதாவை அழைத்துப்போக வந்தார்கள். அம்மாவும் அப்போதுதான் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தா. எப்படி இருக்கிறார் என்று யாரோ கேட்டதற்கு, இன்னும் கண் திறக்கவில்லை என்று தலையாட்டினா. மாமா வெள்ளைத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு லாம்பை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது.

மாதாவின் வெள்ளை நெற்றியில் சிவப்புப் பொட்டு. வட்டம் கொஞ்சம் நசுங்கியிருந்தது.

“யாரு வச்சது இத?”

 எல்லாருடைய கண்களும் ஒன்றாகத் திரும்பி வாசலில் நின்ற அத்தையிடம் போயின. அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தா. அதற்குள் அத்தை முந்திக்கொண்டா.

“நாந்தாங்கய்யா வச்சேன். நெத்தி வெறுமையா இருந்துச்சு. மனசு கேக்கல. தெரியாம செஞ்சிட்டேன்.”

“அத்த உள்ளுக்கு வரவே இல்ல மாமா!” என்று நான் கத்தினேன்.

“நீ தூங்கிட்ட புள்ள” என்றா அத்தை, என் கையை நன்றாகக் கிள்ளியபடி.

நான் பகலில் தூங்குகிற பிள்ளையே இல்லை. அது அத்தைக்கும் தெரியும். மாமா நீளமாகப் புத்தி சொன்னார். சுருவத்தைத் தொடுவது எப்படிப்பட்ட குற்றம் என்று விளக்கினார். தன் சபையைச் சேர்ந்தவள் செய்திருந்தால் நடப்பதே வேறு, அறியாதவள் என்பதால் போகட்டும் என்று மன்னித்தார். அத்தை தலையைக் குனிந்து “சரிங்கய்யா, சரிங்கய்யா” என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டா. அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. மாமா எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். பொட்டு போய்விட்டது, இளஞ்சிவப்பாக ஒரு நிழல் மட்டும் சாந்துக்குள் ஊறி நின்றுவிட்டது. பல வருசங்களுக்குப் பிறகும் உற்றுப் பார்த்தால் தெரியும்.

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அத்தை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அம்மா வீட்டிலேயே இல்லை. ஆகவே மாதா தானாகத்தான் வைத்துக்கொண்டாள். லயத்தில் எல்லாப் பெண்களும் வைத்திருக்கும்போது அவளுக்கும் ஆசை வராதா? இந்த அற்புதப் புதுமையை ஞானோபதேச வகுப்பில் எழும்பி நின்று அறிவித்தேன். மாமா என்னை வகுப்பு முடியும்வரை முழங்காலில் வைத்தார்.

சில நாட்கள் கழித்து அப்பா கண் திறந்து தண்ணீர் கேட்டார். மாமா அதைத் தன் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். அந்த வீட்டுக்கு மாதா வந்ததால்தான் உயிர் வந்தது என்று வருசா வருசம் சொன்னார். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அப்பா கண் திறப்பதற்கு முன்பே, ஒன்றுமே மாறாத அந்தக் காலையிலேயே, அம்மா என் தலையில் குட்டிவிட்டா. அது எப்படி நடந்தது என்று மாமாவின் பிரசங்கத்தில் இருக்கவில்லை.

அப்பா ஒரு காலை இழுத்து நடந்தபடி இன்னும் நிறையக் காலம் எங்களோடு இருந்தார். மரம் ஏறவில்லை, தேயிலைக் கன்றுகளுக்குக் காவல் இருந்தார். எனக்குக் கலியாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் போனார். அதற்குப் பிறகு அம்மா பொட்டு வைக்கவில்லை.

இன்னும் சில வருசம் கழித்து அத்தையும் போய்விட்டா. புருசன் இருக்கப் போன பெண் என்பதால் நெற்றி நிறையக் குங்குமம் குழைத்து வைத்து, பூச்சூட்டிக் கிடத்தியிருந்தார்கள். அம்மாவை நான்தான் கைப்பிடித்து அழைத்துப் போனேன். அம்மா பக்கத்தில் முழங்காலில் இருந்து, குனிந்து, தன் நெற்றியை அத்தையின் நெற்றியோடு சேர்த்து வைத்துக்கொண்டா. தோள் குலுங்கியது. எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அம்மா நிமிர்ந்து திரும்பினா. வெறுமையாக இருந்த அவவுடைய நெற்றியில் அத்தையின் குங்குமம், வட்டம் கொஞ்சம் நசுங்கி, ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க எழும்பிய பெண்களை நான் தடுத்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். “அன்னைக்கு மாதாகிட்ட என்னம்மா கேட்டீங்க?”

எந்த நாள் என்று அம்மா கேட்கவில்லை. 

“கேக்கலயே புள்ள. கேக்க எனக்கு வார்த்தையே வரல. அவளும் மகன் சிலுவையில தொங்குறத நின்னு பாத்தவதானேன்னு அவ நெத்தியில நெத்திய வச்சு சாஞ்சிட்டேன். அந்த நேரம் ஆண்டவரு என்னத் தாங்கிக்கிட்டாரு. அவ்வளவுதான்.”

கடவுளிடம் போவது எதையாவது கேட்பதற்குத்தான் என்று நினைத்திருந்த ஒரு சின்னப் பிள்ளை, அந்த விடியலில் பாய்க்குள் சுருண்டு கிடந்து, அம்மா சிரிக்கிறா என்று நம்பி, நிம்மதியாகத் தூங்கிப்போயிருந்தது.